80 மைக்ரான் துளைக்கு எந்த மெஷின்?

கந்தே கவுண்டன் சாவடியில் எங்கள் பட்டறை. வண்டியைக் கிளப்பினால் கொஞ்ச நேரத்தில் கேரள எல்லையிலுள்ள வாளையார், அதைத் தாண்டினால் கேரளாவின் கஞ்சிக்கோடு. மெல்லிய கம்பியால் உலோகத்தை வெட்டும் வயர்கட் இரண்டு, மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் மெஷின் ஒன்று, பழைய லேத் ஒன்று. பம்பு கம்பெனிகளுக்கும் டெக்ஸ்டைல் மெஷின்காரர்களுக்கும் டை, பன்ச் செய்து கொடுத்தே இத்தனை வருடம் ஓடியது. போன ஆவணியில் ஒரே மாதத்தில் மூன்று விசாரிப்பு வந்தன. மூன்றுமே நாங்கள் அதுவரை தொடாத அளவு.

முதலாவது, 0.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டில் 80 மைக்ரான் துளை, ஒரு தகட்டுக்கு 400. தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் நாசிலுக்கு. இரண்டாவது, ரத்தப் பரிசோதனைக் கருவி செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு, குவார்ட்ஸ் கண்ணாடிச் சில்லுக்கு உள்ளே 100 மைக்ரான் அகலத்தில் வாய்க்கால். மூன்றாவது, நிட்டினால் என்ற கலப்பு உலோகக் குழாயை, ரத்தக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் வலைபோல வெட்டித் தர முடியுமா என்ற கேள்வி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 80 மைக்ரான் என்றால் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்.

பட்டறையில் என் கூட்டாளி மச்சினன்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் வந்து போகிறவன். அவன் தீர்மானமாகச் சொன்னான்: "மாமா, வாங்கறதா இருந்தா ஃபெம்டோ லேசரே வாங்கிரலாமுங்க. அரைகுறையா எதுக்கு?" நானும் உடனே மறுக்கவில்லை. ஆறு மாதம் விசாரித்தோம், மாதிரித் தகடுகளை நாலு இடத்துக்கு அனுப்பினோம். இதே கேள்வியோடு நிற்கிற பட்டறைக்காரர்கள் கோயம்புத்தூரிலும் பாலக்காட்டிலும் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த லேசர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நாம் பெயர் பொறிக்கப் பயன்படுத்துகிற சாதாரண ஃபைபர் லேசரின் ஒவ்வொரு துடிப்பும் 100 நானோ நொடி அளவுக்கு நீளும் (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதற்குள் உலோகம் உருகி, கொஞ்சம் ஆவியாகி, மீதி ஓரத்தில் வழிந்து உறைந்துவிடும். நாம் பிசிறு என்று சொல்வது அதைத்தான். ஃபெம்டோ லேசரின் துடிப்போ ஃபெம்டோ நொடிக் கணக்கில்தான். ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகக் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. நொடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளி, ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். 100 ஃபெம்டோ நொடியில் அது போவது 30 மைக்ரான். முடியின் பருமனில் பாதிகூட இல்லை.

லேசர் பட்டதும் உலோகத்தில் முதலில் சூடாவது எலக்ட்ரான்கள். அவை அந்தச் சூட்டை அணுக்களுக்குக் கைமாற்றச் சில பிகோ நொடிகள் ஆகும் (ஒரு பிகோ நொடி என்பது ஆயிரம் ஃபெம்டோ நொடி). துடிப்பு அதற்குள்ளேயே முடிந்துவிட்டால், சூடு பக்கத்துக்குப் பரவ நேரமே இல்லை. அடிபட்ட இடம் மட்டும் ஆவியாகப் பறந்துவிடும். அடுப்பிலிருந்து வெளியே விழுந்த நெருப்புத் துண்டை ஆத்தா விரலால் சட்டென்று எடுத்து உள்ளே போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கை சுடாது, ஏனென்றால் சூடு ஏற நேரம் கொடுப்பதில்லை. ஏறக்குறைய அந்தக் கதைதான்.

கணக்கைப் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒரு துடிப்பில் 10 மைக்ரோஜூல், நீளம் 300 ஃபெம்டோ நொடி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தின் திறன் 3.3 கோடி வாட். ஆனால் நொடிக்கு ஒரு லட்சம் துடிப்பு அடித்தாலும் சராசரித் திறன் வெறும் 1 வாட். இவ்வளவு கூரான துடிப்பை நேராகப் பெருக்கினால் பெருக்கும் கருவியே உடைந்துவிடும். முதலில் துடிப்பை நீட்டி, நீட்டியபடியே பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்கலாம் என்று 1985-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டோனா ஸ்டிரிக்லாண்டும் ஜெரார் மூரூவும் காட்டினார்கள். 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைக்குத் தொழிற்சாலைகளில் ஓடும் ஃபெம்டோ மெஷின்களில் பெரும்பாலானவை அந்த உத்தியின் பிள்ளைகள்.

சரி, முதல் வேலைக்கு வருவோம். தகட்டில் 400 துளை.

ரசாயன அரிப்பு முறை மலிவு, பிசிறும் கிடையாது. ஆனால் அதில் துளையின் விட்டம் தகட்டின் தடிமனுக்குக் குறையக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. 0.2 மி.மீ. தகட்டில் 200 மைக்ரானுக்குக் கீழே போக முடியாது. அதனால் அது முதலிலேயே விழுந்துவிட்டது. கார்பைடு மைக்ரோ டிரில் 80 மைக்ரானிலும் கிடைக்கிறது. ஸ்பிண்டில் அதிவேகமாகச் சுற்ற வேண்டும், ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. 390-ஆவது துளையில் டிரில் உள்ளேயே ஒடிந்தால் தகடு மொத்தமும் வீண். ஸ்பார்க் மெஷினை நாங்கள் நன்றாக அறிவோம் என்பதால் அதன் மேல் எனக்கு ஆசை இருந்தது. எலக்ட்ரோடைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கினால் இந்த விட்டத்துக்கு இறங்கலாம். ஆனால் ஒரு துளைக்கு ஒரு நிமிடம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 400 துளைக்கு 6 மணி 40 நிமிடம். நடுவில் எலக்ட்ரோடு தேய்வது வேறு. பத்துத் தகடு வேண்டுமென்றால் செய்யலாம், மாதம் ஆயிரம் என்றால் முடியாது.

சாதாரண நானோ நொடி லேசர் சட்டென்று துளைத்துவிட்டது, விலையும் சில லட்சத்தில் முடிந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஓரம் முழுக்க உருகி உறைந்த வரப்பு. நாசிலுக்கு இது ஆகாது. துளையின் ஓரம் ஒரு பக்கம் எழும்பியிருந்தாலே தண்ணீர் கோணலாகப் பாயும். பிசிறு எடுக்கப் பாலிஷ் போட்டால் 80 மைக்ரான் 90 ஆகிவிடும்.

கடைசியில் நின்றது மிகக் குட்டையான துடிப்புள்ள அதிவேக லேசர். அதிலும் பிகோ, ஃபெம்டோ என்று இரண்டு. மச்சினன் ஃபெம்டோதான் உசத்தி என்று நினைத்தான், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரும்பு, ஸ்டெயின்லெஸ் வேலைக்கு 10 பிகோ நொடிக்குக் கீழே இருக்கிற மெஷினே போதும் என்று பிறகுதான் புரிந்தது. மோட்டார் வண்டிகளின் பெட்ரோல் இன்ஜெக்டர் துளைகளை இப்படித்தான் பெரிய அளவில் போடுகிறார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்காக பாஷ், டிரம்ஃப் (Trumpf) நிறுவனங்களும் யேனா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2013-இல் ஜெர்மனியின் எதிர்காலப் பரிசை வாங்கின. துடிப்பு எவ்வளவு குட்டை என்பதைவிடத் துளையின் சரிவு எங்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. கதிரை ஒரே இடத்தில் வைத்து அடித்தால் துளை புனல்போல மேலே அகன்று கீழே குறுகும். கதிரைச் சாய்த்து வட்டமாகச் சுழற்றும் தலை இருந்தால்தான் நேர்ச்சுவர் கிடைக்கும், அதன் விலை தனி. ஒரு விற்பனையாளர் எங்களுக்குக் காட்டிய மாதிரித் துளை மேலிருந்து பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தகட்டைத் திருப்பிக் காட்டச் சொன்னபோது பேச்சை மாற்றினார். நாங்களே எடுத்து வந்து அளந்தோம். அடிப்பக்கம் 80-க்கு 58 இருந்தது. எந்த மாதிரி வந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள், முடிந்தால் நடுவில் அறுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்ந்த வெட்டு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். துடிப்புகள் மிக நெருக்கமாக ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தால், ஒவ்வொன்றும் விட்டுச் செல்லும் மிச்சச் சூடு சேர்ந்து ஃபெம்டோவிலும் ஓரம் கருகும். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்த வேகத்தில் ஓரம் சுத்தமாக நிற்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு துடிப்பு அரித்து எடுப்பது சில பத்து நானோமீட்டர் ஆழம்தான். பொறுமையான வேலை இது.

கண்ணாடி வேலையில் நிலைமை தலைகீழ். இங்கே ஃபெம்டோவுக்கு நிகராக வேறு எதையும் நான் காணவில்லை, மனதாரச் சொல்கிறேன். சாதாரண ஃபைபர் லேசரின் கதிர் கண்ணாடிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும், எதையும் செய்யாது. கார்பன் டை ஆக்சைடு லேசர் கண்ணாடியைச் சூடாக்கும், மெல்லிய சில்லு விரிசல் விடலாம். ஃபெம்டோ கதிரும் கண்ணாடியை ஊடுருவித்தான் போகிறது. ஆனால் குவிகிற ஒரு புள்ளியில் மட்டும் ஒளி அவ்வளவு அடர்த்தியாகி, ஒரே நேரத்தில் பல ஒளித்துகள்களைக் கண்ணாடி விழுங்கிவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும் என்று மரியா கோப்பர்ட்-மேயர் 1931-இலேயே காகிதத்தில் எழுதிவிட்டார், அப்போது லேசரே கிடையாது. மேல்பரப்பில் ஒரு கீறல்கூட விழாமல் கண்ணாடியின் வயிற்றுக்குள் கோடு இழுக்க முடிகிறது. 1996-இல் ஜப்பானில் ஹிராவோவின் குழுவினர் இப்படிக் கண்ணாடிக்குள் ஒளி ஓடும் பாதையையே எழுதிக் காட்டினார்கள்.

வாய்க்கால் வெட்டுவதற்கு இரண்டு கட்டம். முதலில் லேசரால் உள்ளே பாதையை வரைகிறார்கள். பிறகு சில்லைக் கண்ணாடியைக் கரைக்கும் திரவமான அரிப்பானில் போட்டால், லேசர் பட்ட இடம் மட்டும் பல மடங்கு வேகமாகக் கரைந்து வாய்க்கால் திறந்துகொள்ளும். தூய குவார்ட்ஸ் கண்ணாடியில் இது மிக நன்றாக வருகிறது, சாதாரண ஜன்னல் கண்ணாடியில் அந்த அளவுக்கு வருவதில்லை. அரிப்பானில்தான் கவனம். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும், ஆனால் தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை கெடுக்கும், முதலில் வலிகூடத் தெரியாமல் போகலாம். எங்கள் பட்டறைக்குள் அதை அனுமதிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தோம். சூடான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் மெதுவாக அரித்தாலும், வாய்க்கால் நீளவாக்கில் ஒரே அகலமாக வருகிறது. அதுவும் காரம்தான், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. ஆனாலும் ஒரு சிறு பட்டறை சமாளிக்கக் கூடிய ஆபத்து.

கண்ணாடியைப் பற்றிப் பேசினால் நிறுத்த மனம் வருவதில்லை. சவுதாம்ப்டனில் பீட்டர் கசான்ஸ்கியின் குழு இதே முறையில் குவார்ட்ஸ் வில்லைக்குள் தகவலை எழுதுகிறது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் 75 மி.மீ. சதுரக் கண்ணாடித் துண்டு ஒன்றுக்குள் ஒரு முழுத் திரைப்படத்தையே அடைத்துக் காட்டியது. எழுத்தாணியால் ஓலையில் கீறிய நம் ஊரில், ஒளியால் கண்ணாடியில் கீறும் காலம் வந்திருக்கிறது என்று மச்சினனிடம் சொன்னேன். அவன் மெஷின் விலைப்பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நிட்டினால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த இந்த உலோகம் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும் குணம் கொண்டது. ஓரத்தில் சூடு ஏறினால் அந்தக் குணம் கெடும். சாதாரண லேசரில் வெட்டினால் பிறகு அமிலத்தில் ஊறவைத்து, தேய்த்து, மின்பாலிஷ் போட்டு நீண்ட வழி போக வேண்டும். ஃபெம்டோ அந்த வேலைகளில் பலவற்றைக் குறைக்கிறது. உடலில் கரையும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்றால் ஃபெம்டோவின் அவசியம் இன்னும் அதிகம், லேசான சூட்டுக்கே பிளாஸ்டிக் இளகிவிடும். ஆனால் மெஷினோடு கதை முடிவதில்லை. 2017-இன் மருத்துவக் கருவி விதிகள், மருத்துவக் கருவித் தரத்துக்கான ஐஎஸ்ஓ 13485 சான்று, ஒவ்வொரு குழாயும் எந்தக் கொள்முதலிலிருந்து வந்தது என்ற பதிவு எல்லாம் வேண்டும். ஒரு மனிதனின் ரத்தக் குழாய்க்குள் போகிற பொருள். அந்த ஒழுங்கு எங்களிடம் இன்னும் இல்லை. அந்த விசாரிப்புக்கு மட்டும் இப்போதைக்கு முடியாது என்று எழுதிவிட்டோம்.

இரண்டு ஒளித்துகள் முறையில் பிசினை இறுகவைத்து முப்பரிமாண உருவம் செய்யும் மெஷினையும் ஒருவர் பரிந்துரைத்தார். 2001-இல் ஒசாகாவில் ஒரு சிவப்பணு அளவே உள்ள காளை மாட்டை இப்படிச் செய்தார்கள், நீளம் 10 மைக்ரான். பார்க்கப் பிரமிப்பு. ஆனால் எங்கள் வேலைக்குத் தொடர்பில்லை.

நீர் ஒட்டாத பரப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நாசில்காரர் அதையும் கேட்டார். ஸ்டெயின்லெஸ் மேல் ஃபெம்டோ அல்லது பிகோ லேசரால் நுண்ணிய வரிகளும் மேடுகளும் போட்டால், சேம்பு இலையில் உருளுவதுபோலத் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும். மாதிரி வந்த அன்று தண்ணீர் விட்டோம், நேர்மாறாக விரிந்து பரவியது. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தோம். லேசர் பட்ட புதுப் பரப்பு முதலில் தண்ணீரை இழுக்கும், காற்றிலுள்ள கரிமப் பொருள்கள் மெல்லப் படிந்து நாட்கள் கழித்துத்தான் குணம் மாறும் என்று பிறகு தெரிந்தது. மூன்று வாரம் கழித்துச் சோதித்தபோது துளி உருண்டது. மாதிரியை வந்த அன்றே தள்ளிவிடாதீர்கள்.

இப்போது இடம். இதை எந்தக் கையேடும் நமக்காக எழுதுவதில்லை. எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் எங்கள் பக்கம் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்பது சாதாரணம். அந்தக் காற்றில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் பனி படியும். லேசரைக் குளிர்விக்கத் தண்ணீர் சுற்றும் சில்லர் மெஷினை 22 டிகிரியில் வைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பாகங்களில் ஈரம் கோத்துவிடும், லேசர் போடும்போது அந்த ஈரம் கண்ணாடியைக் கெடுத்துவிடும். அறையை முதலில் குளிரவைத்து ஈரத்தை எடுத்த பிறகுதான் சில்லர். கரண்ட் போய் ஏசி நின்று சில்லர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடினால் அதுவே வினையாகும், அதனால் இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும். மார்கழி, தையில் வேறு தொல்லை. பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று மண்ணை வாரிக்கொண்டு போகும். மைக்ரான் வேலை நடக்கும் அறைக்கு இரட்டைக் கதவும் வடிகட்டியும் இல்லாமல் முடியாது. நெடுஞ்சாலையை ஒட்டி அறை எடுத்தால் லாரி போகும் ஒவ்வொரு தடவையும் மேஜை நடுங்கும்.

கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த மெஷின்களில் பெரும்பாலானவை 1030 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்கே தெரியாது. 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காப்புக் கண்ணாடி போடாத ஒரு மாணவரின் விழித்திரையில் ஃபெம்டோ கதிர் பட்டது. காயம் துல்லியமான புள்ளியாக இருப்பதைப் பார்த்த மருத்துவர்தான் பிறகு அதைக் கண் அறுவைக்குக் கொண்டுவந்தார். உலகத்துக்கு நன்மைதான், ஆனால் அந்த மாணவர் இடத்தில் நம் பையன் ஒருவன் இருக்கக் கூடாது. முழுக்க மூடிய கூண்டு இல்லாத மெஷினை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதிகத் திறனில் உலோகத்தை அடிக்கும்போது எக்ஸ் கதிரும் வரலாம், அதற்கும் கூண்டுதான் காப்பு. கிளம்பும் நுண்தூளை, முக்கியமாக நிக்கல் தூளை, உறிஞ்சி எடுக்கத் தனி வசதி வேண்டும்.

அப்புறம் பணம். முழு மெஷின் கோடிக் கணக்கில் வரும். கணக்குக்காக 2 கோடி என்று வைப்போம், ஏழு வருடத்தில் எடுக்க வேண்டும். வட்டி சேர்க்காமலே மாதம் 2.38 லட்சம். மாதம் 200 மணி நேரம் வேலை இருந்தால் மணிக்கு சுமார் 1,190 ரூபாய். 40 மணி நேரம் மட்டும் இருந்தால் மணிக்கு 5,950. மெஷின் ஒன்றுதான், விலை ஒன்றுதான், ஆர்டர் இருக்கிறதா என்பதில்தான் ஐந்து மடங்கு வித்தியாசம். எங்கள் கையில் இருந்த உறுதியான வேலை மாதம் 30 மணி நேரத்தைத் தாண்டவில்லை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய அன்றுதான் மச்சினன் அமைதியானான்.

அதனால் நாங்கள் எடுத்த முடிவு இது. லேசரை வாங்கவில்லை, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். தகட்டு வேலைக்கு பிகோ மெஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் ஜாப் ஒர்க். கண்ணாடி வேலைக்கு ஆய்வகம். அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகள் எந்தக் கல்லூரியில் இருக்கின்றன என்று மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடி நேரம் பதிவு செய்யலாம், வெளியாட்களுக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டிலிருந்து கேரளாவுக்கு ஜாப் ஒர்க்குக்குப் பொருள் அனுப்பினால், அது 500 ரூபாய்த் தகடாக இருந்தாலும், கஞ்சிக்கோடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், இ-வே பில் என்ற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு கட்டாயம். 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் பில் என்ற வழக்கமான வரம்பு இங்கே பொருந்தாது. நான் அதை அறியாமல் ஒரு முறை வாளையாரில் அரை நாள் நின்றேன்.

கையிலிருந்த பணத்தில் நாங்கள் வாங்கியது அளவுகாட்டியுடன் கூடிய நல்ல மைக்ராஸ்கோப்பும், ஈரம் எடுக்கும் வசதியுள்ள ஒரு சிறு அறையும். வருகிற தகட்டின் இரண்டு பக்கத்தையும் நாங்களே அளந்து, ஒவ்வொரு துளைக்கும் எண் போட்டுப் பதிவு செய்து அனுப்புகிறோம். நாசில்காரர் மறு ஆர்டர் கொடுத்ததற்கு அந்தப் பதிவேடும் ஒரு காரணம் என்று சொன்னார். உறுதியான வேலை தொடர்ந்து ஆறு மாதம் 120 மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அப்போதும் முதலில் பிகோ, கண்ணாடி ஆர்டர் பெருகினால் மட்டும் ஃபெம்டோ. இந்த மாதம் 52 மணி நேரம்.